பழைய லெதர் ஜாக்கெட் லைனிங்ல இருந்து வாடை போகவே மாட்டேங்குது, என்ன பண்றது?

மழைவண்டி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு செகண்ட்ஹேண்ட் லெதர் ஜாக்கெட் வாங்கினேன். நிஜ லெதர்தான், வெளிப்பக்கம் அவ்வளவு நல்லா இருக்கு, தையல் எங்கயும் விடல, ஜிப் வழுக்கிட்டு ஓடுது. பிரச்சனை எல்லாம் உள்பக்கம். லைனிங் மெரூன் கலர்ல வழுவழுன்னு ஒரு துணி, கிழிசல் ஒன்னும் இல்ல, ஆனா போட்டு அஞ்சு நிமிஷம் ஆனா போதும், உடம்புச் சூட்டுக்கு உள்ள இருந்து வாடை கிளம்பி வருது. அக்குள்ல பழைய வேர்வை வாடை, முதுகுப்பக்கம் ரொம்ப நாள் பூட்டி வச்ச பீரோவைத் திறந்தா வருமே அந்த மாதிரி ஒரு முக்கல் வாடை, இது ரெண்டுக்கும் நடுவுல லேசா சிகரெட் வாடையும் இருக்கு. கழுத்து படுற இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு கருப்பா ஏறி இருக்கு.

ரெண்டு நாள் காத்துல தொங்கவிட்டேன், குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, திரும்பப் போட்டதும் பழையபடி ஆயிடுச்சு. அவசரத்துல சென்ட் அடிச்சேன், அது வேர்வை வாடையோட கலந்து இன்னும் மோசம். ஃப்ரெண்ட் ஒருத்தன் வாஷிங் மெஷின்ல டெலிகேட் மோட்ல போட்டு எடுன்றான், இன்னொருத்தர் கவர்ல கட்டி ஃப்ரீசர்ல வச்சா கிருமி செத்துரும்னு சொல்றார், பேக்கிங் சோடாவை உள்ள கொட்டி ராத்திரி முழுக்க விடுன்னு ஒருத்தர். வாஷ் கேர் லேபிளை முன்னாடி வச்சிருந்தவங்க வெட்டி எடுத்திருக்காங்க, அதனால லைனிங் என்ன துணின்னு கூட தெரியல. லெதருக்கு ஒன்னும் ஆகாம உள்பக்கத்தை மட்டும் எப்படி சுத்தம் பண்றது, செஞ்சு பாத்தவங்க யாராவது சொல்லுங்க.

பழையதோல்:

மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்க சகோ, மத்ததெல்லாம் அப்புறம். நான் தோல் ரிப்பேர் வேலைல 20 வருஷத்துக்கு மேல இருக்கேன், மெஷின்ல போட்ட ஜாக்கெட்டைத் தூக்கிட்டு வந்து சரி பண்ணித் தாங்கன்னு கேக்கிறவங்களைப் பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கும், ஏன்னா அதை முழுசா பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. தோலைப் பதப்படுத்தும்போது நாருக்கு நடுவுல எண்ணெய் ஏத்துவாங்க, தோல் வளைஞ்சு கொடுக்கிறதே அந்த எண்ணெயாலதான். சோப்புத் தண்ணில முக்கி அலசினா அது வெளிய போயிரும், காயும்போது நார் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு அட்டை மாதிரி விறைச்சு சுருங்கிரும். அது போக தோலுக்கு கொஞ்சம் அமிலத் தன்மை உண்டு, பிஎச் 3.5ல இருந்து 5க்குள்ள இருக்கும், துணி துவைக்கிற பவுடரைக் கரைச்சா பிஎச் 10 பக்கம் போயிரும், தோலுக்கு அது ஆகவே ஆகாது.

ஃப்ரீசர் விஷயத்துல சொன்னவரைத் தப்பு சொல்ல மாட்டேன், நிறைய பேர் அப்படித்தான் நம்புறாங்க. துணி அரிக்கிற அந்துப்பூச்சிக்கு ஃப்ரீசர் வேலை செய்யும். பாக்டீரியா குளிர்ல தூங்கத்தான் செய்யும், நீங்க எடுத்து போட்டுக்கிட்டு வேர்த்தா முழிச்சுக்கும்.

இப்ப வாடை எங்க இருந்து வருதுன்னு பாப்போம், அது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. வேர்வைக்குன்னு பெருசா வாடை கிடையாது, அதைத் தின்னுட்டு பாக்டீரியா வெளிய விடுற அமிலங்களும் கந்தகக் கூட்டுப்பொருளும்தான் நாறுது. அதெல்லாம் துணி மேல படிஞ்ச உடம்பு எண்ணெய்க்குள்ள ஊறி உக்காந்துக்கும். அதனாலதான் காத்துல போட்டா மேலாப்பல இருக்கிறது போகுது, உடம்புச் சூடு பட்டதும் அடில இருக்கிறது திரும்ப எழும்புது. சென்ட்டுக்கும் கதை அதேதான், எண்ணெய்ப் படலம் அங்கயே இருக்கு, மேல இன்னொரு வாசனை சேந்துச்சு அவ்வளவுதான். ஆக, அந்தப் பிசுக்கை எடுக்கணும், எடுக்கிறதுக்கு தோலை நனைக்கக் கூடாது. இதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு.

முதல்ல துணி என்னன்னு கண்டுபிடிங்க. ஜாக்கெட் லைனிங்ல அடிக்கடி வர்றது பாலியஸ்டர், விஸ்கோஸ், அசிடேட், இந்த மூனுதான், ரொம்ப அபூர்வமா பட்டு. கீழ் ஓரத்துல லைனிங் சும்மா தொங்குற மாதிரி இருந்தா உள்பக்க மடிப்புல பிசிறு நிக்கும், அதுல துணி இழை ஒன்னு ரெண்டு உருவி, ட்வீஸர்ல பிடிச்சு, சிங்க் மேல வச்சு நெருப்பு காட்டுங்க. பாலியஸ்டர்னா நெருப்பைப் பாத்ததும் சுருண்டு உருகி கெட்டியா ஒரு மணி மாதிரி ஆயிரும். விஸ்கோஸ் காகிதம் எரியுற மாதிரி எரிஞ்சு மெல்லிசான சாம்பல் விடும். அசிடேட் உருகவும் செய்யும் எரியவும் செய்யும், வினிகர் வாடை லேசா வரும். முடி கருகுற வாடை வந்தா பட்டு. ஒரு விஷயம், தையல் நூலை உருவி எரிச்சுப் பாத்து ஏமாந்துடாதீங்க, துணி எதுவா இருந்தாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, பாலியஸ்டர்னா கொஞ்சம் தைரியமா துடைக்கலாம். விஸ்கோஸ் நனைஞ்சா அதோட பலம் கிட்டத்தட்ட பாதியாயிரும், அழுத்தித் தேய்ச்சா நூல் நகந்து போகும், தண்ணிக் கறையும் விழும். அசிடேட்னா நெயில் பாலிஷ் ரிமூவரைக் கிட்டவே கொண்டு போகாதீங்க, அசிட்டோன்ல கரைஞ்சே போயிரும்.

சுத்தம் பண்ற முறை சொல்றேன். ஜாக்கெட்டை மெதுவா உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, தோள் அகலமான ஹேங்கர்ல மாட்டுங்க. எல்லா பாக்கெட்டையும் வெளிய இழுத்து விட்டு வேக்கம் கிளீனர் பிரஷ் வச்சு உறிஞ்சுங்க, பாக்கெட் மூலைல பஞ்சு மாதிரி சேந்திருக்கிற அழுக்கே நிறைய வாடை வச்சிருக்கும், இதை யாரும் கவனிக்கிறதில்ல. அப்புறம் ஒரு கிண்ணத்துல வெதுவெதுப்பான தண்ணி, அதுல கம்பளி துணிக்கு விக்கிற மைல்ட் லிக்விட் இல்லன்னா பேபி ஷாம்பு ரெண்டு மூனு சொட்டு விட்டு நல்லா நுரை கிளப்புங்க. தண்ணி வேண்டாம், நுரை மட்டும் போதும். வெள்ளை மைக்ரோஃபைபர் துணில நுரையை அள்ளி, முதல்ல யாருக்கும் தெரியாத ஒரு மூலைல ஒத்திப் பாருங்க, துணில மெரூன் சாயம் ஏறுதான்னு. ஏறலன்னா ஆரம்பிங்க. தேய்க்க வேண்டாம், ஒரே திசைல இழுத்து இழுத்து துடைங்க, அக்குள் கிட்ட ஒத்தி ஒத்தி எடுங்க. கறை இருக்கிற இடத்தை மட்டும் துடைச்சா அது காஞ்சதும் ஓரத்துல வட்டமா கோடு நிக்கும், அதனால ஒரு தையல்ல இருந்து அடுத்த தையல் வரைக்கும் அந்த பீஸ் முழுக்க துடைக்கணும். அடுத்து வெறும் தண்ணில நனைச்சு இறுக்கிப் பிழிஞ்ச துணியால ரெண்டு மூனு தடவை, சோப்பு மிச்சம் இருந்தா அதுலயும் அழுக்கு வந்து ஒட்டும். கடைசில காஞ்ச டவலால அழுத்தி ஈரத்தை எடுத்துட்டு ஃபேன் காத்துல 24 மணி நேரமாவது, முடிஞ்சா 48 மணி நேரம். வெயில்ல போடாதீங்க, ஹேர் டிரையர் காட்டாதீங்க, அயர்ன் ஸ்டீம் எதுவும் வேண்டாம், ஈரத் தோல் மேல சூடு பட்டா சுருங்கும். கைக்குள்ள அச்சடிக்காத வெள்ளைக் காகிதத்தை உருட்டி வச்சா அக்குள் திறந்து இருக்கும், அங்கதான் கடைசியா காயும்.

அக்குள் மட்டும் ஒரே நாள்ல போகாது. காஞ்சதுக்கு அப்புறம் முகர்ந்து பாத்துட்டு திரும்ப செய்யுங்க. ஒரே தடவைல நிறைய தண்ணி விட்டு செய்றதுக்கு, கொஞ்சமா நாலு தடவை செய்றது எவ்வளவோ நல்லது.

ஊசிநூல்:

பழையதோல் அண்ணா சொன்ன முறை சரிதான், நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். ஆனா ஒரு இடத்துல எனக்கு வேற கருத்து இருக்கு. லைனிங் மேல துடைக்கிறது மட்டும் போதும்னு நினைச்சா ஏமாற்றம்தான், ஏன்னா லைனிங் ஒரு திரை மாதிரி, வாடை அதுக்குப் பின்னாடியும் இருக்கும். நான் நாடக குழுக்களுக்கு உடை தைச்சு பராமரிக்கிற வேலை பண்றேன், பழைய கோட் ஜாக்கெட்டெல்லாம் பிரிச்சு நிறைய பாத்திருக்கேன். தோளுக்குள்ள ஸ்பாஞ்ச் பேட் இருக்கும், கை சேர்ற இடத்துல பஞ்சுப் பட்டை இருக்கும், நெஞ்சுப் பக்கம் கேன்வாஸ் மாதிரி ஒரு துணி இருக்கும், சிலதுல லைனிங்குக்கும் தோலுக்கும் நடுவுல பாலியஸ்டர் பஞ்சு ஒரு அடுக்கு. சிகரெட் புகையும் முக்கல் வாடையும் இதுலதான் போய் ஒளிஞ்சுக்குது. அதுவும் தோலோட உள்முகம் இருக்கே, பாலிஷ் எதுவும் போடாம சொரசொரன்னு இருக்கிற பக்கம், அது வேர்வையை நல்லா குடிக்கும்.

அதனால மழைவண்டி, லைனிங்ல ஒரு வாசல் திறந்து பாருங்க. பயப்பட வேண்டாம். ஏதாவது ஒரு கையோட லைனிங்கை வெளிய இழுத்து அதோட நீள தையலைப் பாருங்க, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தையல் மேலாப்பல, ஓரத்தை ஒட்டி போட்ட மாதிரி வித்தியாசமா தெரியும். ஜாக்கெட் தைக்கும்போது முழுசையும் புரட்டி எடுத்துட்டு கடைசியா மூடுற இடம் அது. அதைப் பிரிச்சா உள்ள கை விட்டு எல்லாத்தையும் தடவிப் பாக்கலாம், தோள் பேடை வெளிய இழுத்து முகர்ந்து பாக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, துணியும் துணியும் சேர்ற தையலை மட்டும் பிரிங்க. லெதர்ல ஏறின தையலைப் பிரிக்கவே பிரிக்காதீங்க, தோல்ல ஊசி போட்ட ஓட்டை மூடாது, திரும்பத் தைக்கும்போது புது ஓட்டை பக்கத்துல விழுந்தா தபால்தலை ஓரம் மாதிரி கிழிஞ்சுக்கிட்டே போகும்.

இன்னொரு விஷயம், நாடக உடை பராமரிக்கிறவங்க ரொம்ப காலமா பண்றது, துவைக்க முடியாத உடைக்கு உள்பக்கம் வோட்கா ஸ்ப்ரே. அதுல ஆல்கஹால் 40 சதவீதம் பக்கம் இருக்கும், சீக்கிரம் ஆவியாகிப் போகும், போகும்போது மேலாப்பல இருக்கிற வாடையையும் கூட்டிட்டுப் போகும். பிசுக்கை எடுக்காது, அதனால துடைச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் இது. லெதர்ல ஒரு சொட்டு கூட படக்கூடாது, ஆல்கஹால் லெதர் மேல இருக்கிற பூச்சையும் கலரையும் தூக்கிரும், பக்கத்துல அடுப்பு விளக்குன்னு எதுவும் எரியக் கூடாது. அக்குள்ல அடிக்கும்போது ரெண்டு பக்கமும் டவல் வச்சு மறைச்சுக்கோங்க.

தூரப்பயணி:

மெஷின் வேண்டாம்னு அண்ணன் சொன்னதுக்கு நான் சாட்சி. அப்பா போட்டுட்டு இருந்த ஜாக்கெட், அவர் எனக்குக் கொடுத்தது, வாடை போகணும்னு குளிர்ந்த தண்ணில மென்மையான சைக்கிள்லதான் போட்டேன். வெளிய எடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, காய காயத்தான் கை ரெண்டும் மணிக்கட்டுக்கு மேல ஏறி, முதுகு விறைச்சு, லைனிங் தளர்ந்து கீழ தொங்க ஆரம்பிச்சுது, அதுக்கு அப்புறம் எவ்வளவு கண்டிஷனர் தடவியும் பழைய மென்மை வரல. இன்னும் அதைத் தூக்கிப் போட மனசு வராம வச்சிருக்கேன். தயவு செஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க.

பேக்கிங் சோடாவும் அனுபவம் உண்டு, இன்னொரு ஜாக்கெட்டுல. கொட்டி வச்சதுல வாடை கொஞ்சம் குறைஞ்சது உண்மை. ஆனா அந்தப் பவுடர் தையல் இடுக்கு, பாக்கெட் ஓரம், ஜிப் பல்லு எல்லாத்துலயும் போய் உக்காந்துக்கிச்சு, அடுத்து வேர்த்தப்போ கரைஞ்சு வெள்ளை வெள்ளையா கோடு வந்துச்சு. போடணும்னா மெல்லிசான காட்டன் துணில மூட்டை மாதிரி கட்டி பாக்கெட்டுக்குள்ளயும் கைக்குள்ளயும் வைங்க, நேரா கொட்டாதீங்க.

மழைவண்டி:

இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தூரப்பயணி, அப்பா ஜாக்கெட் கதையைப் படிச்சதும் மெஷின் யோசனையை அப்படியே விட்டுட்டேன்.

எரிச்சுப் பாத்தேன். கீழ் ஓரம் மூடித் தைச்சிருந்தாங்க, அதனால ஊசிநூல் அக்கா சொன்ன அந்த வாசலைத் தேடினேன், இடது கைல இருந்துச்சு, அவங்க சொன்ன மாதிரியே ஒரு சாண் நீளம். பிரிச்சு உள் ஓரத்துல இருந்து இழை எடுத்தேன், காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பல் ஆச்சு. அப்ப விஸ்கோஸ்தானே? பாக்கெட் பை மட்டும் வேற துணி, அது காட்டன் மாதிரி தெரியுது.

கை விட்டு தோள் பேடை வெளிய இழுத்தேன், சிகரெட் வாடை மொத்தமும் அதுலதான் இருக்கு, மஞ்சளா ஆகி பிடிச்சா பொடிப்பொடியா உதிருது. முதுகுப்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தா தோலோட உள்முகத்துல, கீழ் பாதில, சாம்பல் கலந்த வெள்ளைல புள்ளி புள்ளியா இருக்கு. பூஞ்சையா அது? அப்படின்னா என்ன பண்றது? வினிகர் அடிக்கலாமா? வீட்டுல ஆறு மாசக் குழந்தை இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

பழையதோல்:

ஊசிநூல் சொன்னது சரின்னு ஒத்துக்கிறேன், உள்ள பாக்காம இருந்திருந்தா அந்த பேடும் புள்ளியும் தெரிஞ்சிருக்காது.

விஸ்கோஸ்தான் சகோ. நுரை இன்னும் கம்மியா, துணியை இன்னும் இறுக்கிப் பிழிஞ்சு, அழுத்தம் இல்லாம செய்யுங்க. லைனிங்கை முழுசா கழட்டி வாளில துவைக்கிற எண்ணம் வந்தா அதையும் விட்டுருங்க, விஸ்கோஸ் துவைச்சா சுருங்கும், சுருங்கினது திரும்ப ஜாக்கெட் அளவுக்கு உக்காராது.

அந்தப் புள்ளி நீங்க சொல்ற மாதிரி தனித்தனியா, பஞ்சு மாதிரி நின்னா பூஞ்சை. சில சமயம் தோல்ல இருக்கிற கொழுப்பும் வெள்ளையா மேல பூக்கும், பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ஆனா விரலால தேய்ச்சா மெழுகு மாதிரி கரைஞ்சு போகும், முக்கல் வாடையும் இருக்காது. உங்களுக்கு வாடை இருக்கு, அதனால பூஞ்சைன்னே வச்சுக்கிட்டு செய்யுங்க. வீட்டுக்குள்ள வச்சு தட்டாதீங்க. வெளிய எடுத்துட்டுப் போய், மாஸ்க் போட்டுக்கிட்டு, அந்த வாசல் வழியா கை எட்டுற வரைக்கும் காஞ்ச மென்மையான பிரஷ்ஷால எடுங்க. அப்புறம் வெள்ளை வினிகர் ஒரு பங்கு தண்ணி மூனு பங்கு கலந்து, அதுல துணியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு ஒரு தடவை துடைங்க. தோலே அமிலப் பக்கம் இருக்கிறதால இவ்வளவு லேசான வினிகர், பேக்கிங் சோடா அளவுக்கு அதைப் படுத்தாது, ஆனாலும் நனையக் கூடாது. லைனிங் மேலயும் இதே கலவையை ரொம்ப மெல்லிசா ஸ்ப்ரே பண்ணலாம், வேர்வை வாடைல அம்மோனியா மாதிரி காரமா வர்ற பகுதியை அது அடக்கும், வினிகர் வாடை காஞ்சதும் போயிரும். ப்ளீச் இருக்கிற எதோடயும் வினிகரைச் சேர்த்துடாதீங்க, குளோரின் வாயு வரும், அது ஆபத்து. சோடாவும் வினிகரும் ஒன்னா போட்டா ஒன்னை ஒன்னு சமன் பண்ணிக்கிட்டு ரெண்டும் வீணாப் போகும்.

பூஞ்சைக்கு உண்மையான மருந்து ஈரம் இல்லாம பாத்துக்கிறதுதான். காத்துல ஈரப்பதம் 65, 70 சதவீதம் தாண்டினா அது வளர ஆரம்பிக்கும். நீங்க இன்னிக்கு எவ்வளவு சுத்தமா துடைச்சாலும் பழைய இடத்துலயே, காத்து போகாத பீரோல, பிளாஸ்டிக் கவர் போட்டு மாட்டினா ரெண்டு மாசத்துல திரும்ப வரும். துணி கவர் போடுங்க, பக்கத்து உடைக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கை அளவு இடைவெளி விடுங்க, பாக்கெட்டுல சிலிக்கா ஜெல் வைங்க.

புகை வாடைக்கு பேடை மாத்துறதுதான் வழி. தார் ஏறின ஸ்பாஞ்சை கழுவிக் காய வச்சாலும் சூடு பட்டா வாடை வரும், அது உதிரவும் ஆரம்பிச்சிருச்சு. மிச்சம் இருக்கிற புகை வாடைக்கு பெரிய மூடி போட்ட டப்பால ஆக்டிவேட்டட் கரியை, அதாவது வாடையை உறிஞ்சுற மாதிரி பதப்படுத்தின கரியை, துணிப்பைல கட்டி ஜாக்கெட்டோட ஒரு வாரம் வச்சுப் பாருங்க, ஜாக்கெட் முழுசா காஞ்சதுக்கு அப்புறம். ஈரத்தோட மூடினா நீங்களே பூஞ்சையை வளத்த மாதிரி ஆயிரும். ஓசோன் மெஷின்னு ஒன்னு பத்தி யாராவது சொல்வாங்க, வாடை போகும், ஆனா ரப்பர், எலாஸ்டிக், சாயம் எல்லாத்தையும் அது அரிக்கும், இடுப்புல எலாஸ்டிக் இருக்கிற ஜாக்கெட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வெண்பஞ்சு:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் நர்ஸ், வீட்டுல ஆறு மாசக் குழந்தைன்னு படிச்சதும் சொல்லாம போக மனசு வரல. வாடைக்கும் பூச்சிக்கும்னு அந்துருண்டை போட்டு வைக்கிற யோசனை வந்தா தயவு செஞ்சு வேண்டாம். நாப்தலின் ஆவியா கிளம்பி துணில ஏறிக்கும், ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஒரு என்சைம் பிறவிலயே கம்மியா இருக்கிறது, அது இருக்கிற குழந்தைக்கு அந்தத் துணி பக்கத்துல இருந்தாலே ரத்தச் சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரைக்கும் போகலாம், குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கான்னு நிறைய அப்பா அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. சிகரெட் படிஞ்ச ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம், சுத்தம் ஆகுற வரைக்கும் குழந்தை தூங்குற ரூம்ல மாட்டாதீங்க. பூஞ்சையை பிரஷ் பண்ணும்போது வீட்டுல ஆஸ்துமா இருக்கிறவங்க யாரும் பக்கத்துல நிக்கக் கூடாது, பண்ணி முடிச்சதும் நீங்க போட்டிருக்கிற சட்டையை மாத்திட்டு குழந்தைகிட்ட போங்க.

ஊசிநூல்:

வெண்பஞ்சு சொன்னது ரொம்ப முக்கியம், நன்றி. அந்துருண்டை வாடையோட வர்ற பழைய உடையும் எங்ககிட்ட வரும், அதுக்கு நாங்க பண்றது காத்தோட்டமா வாரக்கணக்குல தொங்கவிடுறது மட்டும்தான், அது தானாவே ஆவியாகிப் போற சரக்கு, அவசரப்படுத்த முடியாது.

மழைவண்டி, கழுத்துப் பிசுக்குக்கு ஒன்னு சொல்றேன். அது நேரா நுரைக்கு வராது, முதல்ல டால்கம் பவுடர் மெல்லிசா தூவி ராத்திரி விடுங்க, எண்ணெயைக் குடிச்சுக்கும், காலைல பிரஷ் பண்ணிட்டு அப்புறம் பேபி ஷாம்பு நுரை. தலைமுடி எண்ணெயை எடுக்கத்தானே ஷாம்பு, கழுத்துல இருக்கிறதும் அதே எண்ணெய்தான். என்சைம் போட்ட கறை நீக்கி இருந்தா லைனிங்ல மட்டும் பாத்து போடுங்க, புரதத்தை உடைக்கிற என்சைம் அதுல இருக்கும், தோலும் புரதம்தான்.

எவ்வளவு செஞ்சும் அக்குள் வாடை போகலன்னா அந்த ரெண்டு கையோட லைனிங்கை மட்டும் புதுசா மாத்தலாம், முழு ஜாக்கெட்டும் மாத்தணும்னு இல்ல. பழைய லைனிங்கைப் பிரிச்சு அதையே அளவா வச்சு வெட்டி தைக்கிறது நல்ல தையல்காரருக்கு பழக்கமான வேலை. மாத்தும்போது பாலியஸ்டர் போட்டுக் கொடுக்கிறேன்னு சொல்வாங்க, உழைக்கும், ஆனா வேர்வை வாடையைப் பிடிச்சு வச்சுக்கிற துணி அது. 2014ல பெல்ஜியத்துல கென்ட் யுனிவர்சிட்டில 26 பேரை உடற்பயிற்சி பண்ண வச்சு சட்டைகளை முகர்ந்து பாத்து ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, காட்டனை விட பாலியஸ்டர் சட்டைலதான் வாடை மோசமா இருந்துச்சு, வாடை கிளப்புற ஒரு வகை பாக்டீரியா அதுல நல்லா வளர்ந்திருந்துச்சு. அதனால நான் அக்குளுக்கு விஸ்கோஸ் இல்லன்னா குப்ரோ (பருத்திக் கொட்டைப் பஞ்சுல இருந்து செய்ற வழுவழு லைனிங் துணி) கேட்டு வாங்கச் சொல்வேன்.

பழையதோல்:

உழைப்புன்னு பாத்தா எனக்கு பாலியஸ்டர்தான், வண்டி ஓட்டுறவங்க ஜாக்கெட்டுல விஸ்கோஸ் அக்குள்ல ரெண்டு மூனு வருஷத்துல கிழிஞ்சு வர்றதைப் பாக்கிறேன். தினமும் போடுறவருக்கு ஒன்னு, எப்பவாவது போடுறவருக்கு ஒன்னு. மழைவண்டி எப்படிப் போடப் போறார்னு அவர்தான் சொல்லணும்.

மழைவண்டி:

மூனு வாரம் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா சரியா இருக்காது.

தோள் பேட் ரெண்டையும் எடுத்துட்டேன், புதுசு வாங்கி வச்சிருக்கேன். பூஞ்சையை வெளிய வச்சு பிரஷ் பண்ணி வினிகர் துணியால ஒரு தடவை துடைச்சேன், ஒரு வாரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன், திரும்ப வரல. பாக்கெட் மூலைல இருந்து வந்த பஞ்சையும் புகையிலைத் தூளையும் பாத்தப்போ அதிர்ச்சியா இருந்துச்சு, நாலு பாக்கெட்டையும் வேக்கம் பண்ணதுக்கே வாடை ஒரு படி இறங்கிடுச்சு. லைனிங் மொத்தம் நாலு தடவை நுரை போட்டு துடைச்சேன், நடுவுல ரெண்டு ரெண்டு நாள் காயவிட்டு. முதல் தடவை கிண்ணத்துத் தண்ணி டீ மாதிரி ஆச்சு, நாலாவது தடவை கிட்டத்தட்ட தெளிவா இருந்துச்சு. முதல் தடவை வலது பக்கம் அவசரத்துல கறை இருந்த இடத்தை மட்டும் துடைச்சுட்டேன், அண்ணன் சொன்ன மாதிரியே வட்டக் கோடு விழுந்துச்சு, அடுத்த தடவை பீஸ் முழுக்க துடைச்சதும் மறைஞ்சு போச்சு. கழுத்துப் பிசுக்கு பவுடர்லயே பாதி போயிடுச்சு. கரிப் பையோட ஒன்பது நாள் மூடி வச்சேன்.

இப்ப முதுகுல வாடையே இல்ல, சிகரெட் சுத்தமா இல்ல. அக்குள்ல மட்டும் ரொம்ப நேரம் போட்டா லேசா தெரியுது, மனைவிக்கு தெரியல, எனக்குத் தெரியுது. வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு நாள்தான் போடுவேன், அதனால லைனிங் மாத்துறதை இப்போதைக்கு விட்டுட்டேன். நேத்து அதைப் போட்டுக்கிட்டு முதல் தடவையா முழு நாளும் வெளிய சுத்திட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

ரெண்டே சந்தேகம். அந்த இடது கை வாசலை எப்படி மூடுறது, மெஷின்லதான் தைக்கணுமா? அக்குளுக்கு இனிமே வாடை ஏறாம இருக்க ஏதாவது வழி இருக்கா?

ஊசிநூல்:

படிக்கவே சந்தோஷமா இருக்கு. கையாலயே தைச்சிரலாம். ரெண்டு ஓரத்தையும் பழைய மடிப்பு மேலயே உள்ள மடிச்சு பின் குத்தி, மெல்லிசான ஊசில மடிப்புக்குள்ளயே நூல் ஓடுற மாதிரி சின்னச் சின்னதா எடுத்துட்டுப் போங்க, நூலை ரொம்ப இழுத்துக் கட்டாதீங்க, கையை நீட்டும்போது லைனிங் கொஞ்சம் நகரணும். மூடுறதுக்கு முன்னாடி புது பேட் ரெண்டையும் பழைய பேட் நின்ன தையல்லயே பிடிச்சு தைச்சிருங்க, லெதர்ல ஊசி போகாம பாத்துக்கோங்க.

அக்குளுக்கு, பிறை வடிவத்துல ரெட்டை காட்டன் துணில வேர்வைப் பட்டை தைச்சு, ரெண்டு முனையையும் லைனிங் தையல் மேல பிரஸ் பட்டன் வச்சு மாட்டிருங்க. போட்டு வந்ததும் கழட்டி சாதாரணமா துவைச்சுக்கலாம், லைனிங்கைத் தொடவே வேண்டாம். ரெண்டு ஜோடியா தைச்சு வைங்க, ஒன்னு காயும்போது இன்னொன்னு இருக்கும். ஜாக்கெட்டைக் கழட்டினதும் நேரா பீரோல மாட்டாம ஒரு ராத்திரி வெளிய ஹேங்கர்ல ஜிப்பைத் திறந்து விட்டு வைங்க.